சிறைக்குள் விதியை மீறினால் என்ன நடக்கும்?

நீதிமன்றம் ஒருவருக்கு மூன்று ஆண்டு சிறை என்று தீர்ப்பு எழுதுகிறது. அதற்கு முன் சாட்சிகள் வந்தார்கள், இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதாடினார்கள், நீதிபதி காரணங்களை எழுதிக் கையெழுத்திட்டார். மேல்முறையீட்டுக்கும் வழி இருந்தது. அதே ஆள் சிறைக்குப் போன ஆறாவது மாதம் ஒரு கைபேசியோடு பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு இன்னொரு விசாரணை நடக்கும். அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடலாம். பெரும்பாலும் வழக்கறிஞர் இருக்கமாட்டார். குற்றம் சாட்டுபவர் சிறைக் காவலர். தீர்ப்புச் சொல்பவர் பல இடங்களில் அந்தக் காவலரின் மேலதிகாரி. முடிவில் அவருடைய விடுதலை நாள் தள்ளிப் போகலாம், வீட்டாரைச் சந்திப்பதற்குக் கட்டுப்பாடு வரலாம், நாள் முழுக்கத் தனி அறையில் கிடக்க நேரலாம்.

வெளியில் யாருக்கும் தெரியாமல் நடக்கும் இந்த இரண்டாவது விசாரணையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. சிறை விதிகள் என்றால் என்ன, அவற்றை மீறினால் என்ன நடைமுறை, எந்தத் தண்டனை செல்லும், எது செல்லாது என்பதை முதன்முறையாகப் படிப்பவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். சிறைக்குள் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஒழுங்கு நியாயமான விசாரணையால்தான் நிலைக்கும் என்பதிலும் சந்தேகமில்லை.

எதற்கு இத்தனை விதிகள்?

சிறை விதிகளை முதன்முதலில் வாசிப்பவருக்குச் சில விதிகள் அற்பமாகத் தெரியும். இன்னொருவர் அறைக்குள் போகக்கூடாது, சக கைதிக்குக் கடன் கொடுக்கக்கூடாது, மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சேர்த்துவைக்கக்கூடாது, தலைக்கணக்கு எடுக்கும்போது அசையாமல் நிற்க வேண்டும், வேலைக்குப் போக மறுக்கக்கூடாது. வெளியுலகில் இவற்றில் எதுவுமே குற்றமில்லை.

உள்ளே நிலைமை வேறு. கடனையே எடுத்துக்கொள்வோம். சிறையில் கையில் காசு வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் அனுமதி இல்லை. அதனால் சிகரெட்டோ கேன்டீன் பொருளோதான் நாணயம் ஆகிறது. ஒரு பாக்கெட் கடன் வாங்கினால் அடுத்த வாரம் இரண்டாகத் திருப்பித் தர வேண்டும் என்பது எழுதப்படாத வட்டி. திருப்பித் தர முடியாதவர் அடி வாங்குவார், அல்லது கடன் கொடுத்தவருக்காகத் தடை செய்யப்பட்ட பொருளைத் தன் அறையில் மறைத்துவைப்பார், அல்லது தன் வீட்டாரை வெளியே யாரிடமோ பணம் கொடுக்கச் சொல்வார். மாத்திரை சேர்ப்பதும் அப்படித்தான். அது விற்பனைக்குப் போகலாம், வலுக்கட்டாயமாகப் பிடுங்கப்படலாம், ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளவும் பயன்படலாம். தலைக்கணக்கு தப்பினால் மொத்தச் சிறையும் பூட்டப்பட்டு, வீட்டாரை எல்லோரும் அன்று சந்திப்பதும் மருத்துவமும் நின்றுபோகும். அற்பம் என்று தோன்றும் விதிகளில் பலவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் காயப்பட்ட கதை இருக்கிறது.

ஆனால் எல்லா விதிகளும் இப்படிப்பட்டவை அல்ல. அதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடத்தல், கட்டளையை மீறுதல் போன்ற விதிகள் பல நாட்டுச் சிறைகளிலும் உண்டு. அவை எதையும் உள்ளடக்கும் அளவுக்கு அகலமானவை. முறைத்துப் பார்த்தது மரியாதைக் குறைவா? ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டது கட்டளை மீறலா? அது காவலரின் அன்றைய மனநிலையைப் பொறுத்துப் போகும். விதி எவ்வளவு மங்கலாக எழுதப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு தூரம் தனிமனித விருப்பு வெறுப்பு உள்ளே நுழைகிறது.

விதியே அநீதியாக இருப்பதும் உண்டு. இந்தியச் சிறைக் கையேடுகள் பலவற்றில் சாதியைப் பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் அண்மைக்காலம் வரை அச்சில் இருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று அறிவித்தது. வேலை செய்ய மறுப்பது சிறைக்குற்றம் என்று சட்டம் சொல்லும்போது, சாதி பார்த்துக் கொடுத்த துப்புரவு வேலையை மறுத்தவர் விதியை மீறியவராகத்தான் பதிவேட்டில் ஏறுவார். ஆகவே, 'விதியை மீறினாரா' என்று மட்டும் கேட்டால் போதாது. அது எப்படிப்பட்ட விதி என்றும் கேட்க வேண்டும்.

விதி தெரியாமல் எப்படிக் கடைப்பிடிப்பது?

ஐக்கிய நாடுகள் சபை 1955-இல் கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. 2015 டிசம்பரில் பொதுச்சபை அவற்றைத் திருத்தி, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொண்டது. மண்டேலா விதிகள் மொத்தம் 122. இவை நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் உலகெங்கும் நீதிமன்றங்களும் சிறைத்துறைகளும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது இவற்றைத்தான்.

அதன் 54-ஆம் விதி, சிறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சிறையின் சட்டதிட்டங்கள், அவருடைய உரிமைகள், கடமைகள், ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவற்றைத் தாமதமின்றி எழுத்தில் தர வேண்டும் என்கிறது. 55-ஆம் விதியின்படி அது அங்குள்ளோர் பேசும் மொழிகளில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். நடைமுறையில் இது பல இடங்களில் நடப்பதில்லை. புதிதாக வருபவர் விதிகளைச் சக கைதிகளிடமிருந்தும், மீறிய பிறகு கிடைக்கும் தண்டனையிலிருந்தும்தான் கற்றுக்கொள்கிறார். வேற்று மொழி பேசும் கைதியின் நிலை இன்னும் கடினம். கட்டளை புரியாமல் நிற்பவர், கட்டளையை மதிக்காமல் நிற்பவராகத் தெரிவார்.

விசாரணைக் கைதிகளுக்கும் இந்த விதிகள் பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கு முடியும்வரை அவர்கள் குற்றமற்றவர்கள்தான். ஆனாலும் சிறைக்குள் அடிதடியில் ஈடுபட்டால், தடை செய்யப்பட்ட பொருள் வைத்திருந்தால் அவர்கள் மீதும் சிறை நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம்.

புகார் எழுதப்படும் நேரம்

விதிமீறல் என்று காவலர் கருதும் ஒன்று நடந்தவுடன் அவருக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. கண்டித்து விட்டுவிடலாம். இருவருக்கும் சண்டை என்றால் பேசித் தீர்த்துவைக்கலாம். மண்டேலா விதிகளின் 38-ஆவது, சமரசத்தின் மூலம் பூசல்களைத் தடுக்கவும் தீர்க்கவும் சிறைகளை ஊக்குவிக்கிறது. அனுபவமுள்ள காவலர்கள் இதைத்தான் அதிகம் செய்வார்கள் என்பது என் எண்ணம். எதற்கெடுத்தாலும் புகார் எழுதும் காவலரின் பொறுப்பில் உள்ள சிறைப் பகுதி, அதாவது பிளாக், அமைதியாக இருந்துவிடுவதில்லை.

புகார் எழுதுவதென்று முடிவானால் கடிகாரம் ஓடத் தொடங்கும். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் விதிமீறல் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் குற்றச்சாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் சம்பவம் தெரியவந்ததிலிருந்து வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் கைதியின் கையில் சம்பவ அறிக்கை போய்ச் சேர வேண்டும். நேரக்கெடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மாதம் கழித்து 'அன்றைக்கு நீ என்னைத் திட்டினாய்' என்று குற்றம் சாட்டினால், எந்த நாள், யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதைக் கைதியால் நிரூபிக்க முடியாது. சிறையில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போலவே இருக்கும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகள் விதிமீறல்களை நான்கு தட்டுகளாகப் பிரித்திருக்கின்றன. 100-இல் தொடங்கும் எண்கள் மிகக் கடுமையானவை, 200 கடுமையானவை, 300 நடுத்தரம், 400 லேசானவை. கொலையும் ஆயுதம் வைத்திருப்பதும் முதல் தட்டில் இருக்கின்றன என்பதில் வியப்பில்லை. கைபேசி வைத்திருப்பதும் அதே முதல் தட்டில் 108-ஆம் எண்ணில் இருக்கிறது என்பது பலரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். சாட்சியை மிரட்டுவது, உள்ளிருந்தே வெளியில் குற்றம் நடத்துவது, தப்பிக்கத் திட்டமிடுவது எல்லாம் கைபேசி வழியாக நடக்கலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. அம்மாவிடம் பேசுவதற்காக மட்டுமே கைபேசி வைத்திருந்தவரும் அதே எண்ணில்தான் அடைபடுகிறார். அதிகாரபூர்வத் தொலைபேசி மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் சிறையில் இந்தக் குற்றத்துக்கான ஆசை குறையும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பத்து நிமிட விசாரணை

1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நெப்ராஸ்கா மாநிலச் சிறையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. வுல்ஃப் எதிர் மெக்டானல். கைதிகள் கேட்டது இதுதான்: நன்னடத்தைக்காக எங்களுக்குக் கிடைத்த தண்டனைக் குறைப்பு நாட்களைச் சிறை அதிகாரிகள் பறிக்கிறார்கள், அதற்கு முன் எங்களை முறையாக விசாரிக்க வேண்டாமா? அரசியலமைப்புக்கும் சிறைக்கும் இடையே இரும்புத்திரை எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். சில குறைந்தபட்சப் பாதுகாப்புகளை வகுத்தது. விசாரணைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். எந்தச் சான்றை நம்பி, என்ன காரணத்தால் முடிவு எடுத்தோம் என்பதை எழுதித் தர வேண்டும். சிறையின் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லாத வரையில் கைதி தன் சாட்சிகளை அழைக்கலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் நீதிமன்றம் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், சிக்கலான வழக்கில் சிக்கியவருக்கும் வேறொருவரின் உதவி கிடைக்க வேண்டும் என்று சொன்னது.

இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 1985-இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், அப்படித் தண்டிப்பதற்கு 'ஏதாவது ஒரு சான்று' இருந்தாலே போதும் என்றது. இங்கிலாந்தில் இதே விசாரணைக்குச் 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் தங்கியிருக்கும் அறையில் ஒரு மெத்தைக்கடியில் கத்தி கிடைக்கிறது. ஏதாவது ஒரு சான்று போதுமென்றால், அந்த அறையில் இருந்ததே ஆறு பேருக்கும் எதிரான சான்றாகிவிட முடியும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டுமென்றால், கத்தி யாருடையது என்று நிர்வாகம் உழைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சாட்சிகள் விஷயத்தில் சிறைக்குரிய சிக்கல் ஒன்று உண்டு. உண்மையைப் பார்த்த கைதிகள் பேசமாட்டார்கள். காவலருக்குச் சாதகமாகச் சொன்னால் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் வரும், அந்தப் பெயரோடு சிறையில் காலம் தள்ளுவது உயிருக்கே ஆபத்து. காவலருக்கு எதிராகச் சொன்னால் அடுத்த புகார் தன் மேல் விழுமோ என்ற அச்சம். அதனால் நிர்வாகம் பெயர் வெளியிடாத தகவலாளியின் வார்த்தையை நம்பித் தண்டிப்பதுண்டு. யார் சொன்னார், என்ன பகையில் சொன்னார் என்று தெரியாமல் ஒருவர் எப்படி மறுத்துப் பேசுவது? இதற்கு முழுமையான விடை எந்த நாட்டிடமும் இல்லை.

மண்டேலா விதிகளில் 41-ஆவது இந்த விசாரணைக்கான உலக அளவுகோல். புரியும் மொழியில் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், எதிர்வாதம் தயார் செய்ய நேரமும் வசதியும் தர வேண்டும், தானே வாதாடவோ நியாயம் கோரும் இடத்தில் சட்ட உதவி பெறவோ விட வேண்டும், தண்டனையை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வாய்ப்பு வேண்டும். 39-ஆவது இன்னொன்றையும் சேர்க்கிறது: அந்த நடத்தைக்கு மனநோயோ வளர்ச்சிக் குறைபாடோ காரணமா என்று தண்டிப்பதற்கு முன் பார்க்க வேண்டும், நோயின் நேரடி விளைவாக நடந்ததற்குத் தண்டிக்கவே கூடாது.

இந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கட்டளையை மீறினார் என்று பதிவாகும் சம்பவங்கள் எல்லாமே அடங்காமையால் நடப்பவை அல்ல. காதுக்குள் குரல் கேட்கும் நோயாளி, கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று தண்டிக்கப்படுகிறார். கடன்காரருக்குப் பயந்தவர் தன் பிளாக்குக்குத் திரும்ப மறுக்கிறார். 'அவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்' என்று வெளிப்படையாகச் சொன்னால் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார். அதனால் வேண்டுமென்றே ஒரு விதியை மீறித் தனி அறைக்குப் போகிறார். விசாரிக்கும் அதிகாரி 'ஏன் மறுத்தாய்' என்று ஒரு நிமிடம் கனிவோடு கேட்டால் இது வெளிவர வாய்ப்புண்டு. கேட்காமல் தண்டித்தால், பயந்தவரின் பயம் அப்படியே இருக்கும், கூடவே பதிவேட்டில் ஒரு கறையும் சேரும்.

என்னென்ன தண்டனைகள்

எச்சரிக்கை, கேன்டீன் சலுகை நிறுத்தம், தொலைக்காட்சி எடுத்துவிடுதல், வேலைக்கூலியில் பிடித்தம், வேறு பிளாக்குக்கு மாற்றம். பெரும்பாலான விதிமீறல்கள் இவற்றோடு முடிந்துவிடும். கடுமையானவை இரண்டு: நாட்களை இழப்பது, தனிமையில் அடைபடுவது.

நாட்களை இழப்பதை முதலில் பார்ப்போம். நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தைக் குறைக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறையில் ஆண்டுக்கு 54 நாள் வரை இப்படிக் கிடைக்கலாம். இந்தியாவில் இதைத் தண்டனைக் குறைப்பு, ரெமிஷன் என்பார்கள். விதியை மீறினால் சேர்த்த நாட்களில் ஒரு பகுதி போகும். சட்டத்தின் கண்ணில் இது புதிய தண்டனை அல்ல, கொடுத்த சலுகையைத் திரும்ப எடுப்பதுதான். கைதிக்கோ, பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் இருப்போம் என்று எண்ணியிருந்தவர் இருக்கமாட்டார் என்பதுதான் அதன் பொருள்.

இங்கிலாந்தில் சிறை ஆளுநரே, அதாவது சிறையின் தலைமை அதிகாரியே, விடுதலையைத் தள்ளிப்போடும் கூடுதல் நாட்களை விதித்துவந்தார். எஸே, கானர்ஸ் என்ற இரு கைதிகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். கூடுதல் நாட்கள் விதிப்பது குற்றவியல் தண்டனைக்குச் சமம், ஆகவே வழக்கறிஞர் உரிமை மறுக்கப்பட்டது தவறு என்று 2003 அக்டோபரில் அந்நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்பளித்தது. இன்று அங்கே கூடுதல் நாட்கள் விதிக்க வேண்டுமானால் சிறைக்கு வெளியிலிருந்து வரும் நீதிபதி ஒருவர் விசாரிக்க வேண்டும். அவர் சேர்க்கக்கூடிய நாட்களுக்கும் உச்சவரம்பு உண்டு. கைதி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டும் நிறுவனமே தீர்ப்பும் சொல்லும் கோளாறுக்கு நான் அறிந்த நல்ல மருந்து இது.

தனிமை

1829-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை திறக்கப்பட்டபோது, தனிமையில் விட்டால் மனிதன் தன் தவறை எண்ணித் திருந்துவான் என்று அதைக் கட்டியவர்கள் மனதார நம்பினார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடுதான். விளைவு வேறாக இருந்தது. தனிமைச் சிறையின் வரலாற்றை 1890-இல் ஆராய்ந்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறிது காலத் தனிமையிலேயே கணிசமானவர்கள் புத்தி மந்தித்துப் போனார்கள், சிலருக்குச் சித்தம் கலங்கியது, சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள், தப்பியவர்களும் பொதுவாகத் திருந்தவில்லை என்று எழுதியது. அந்தத் தீர்ப்பு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தனிமை தண்டனையாகத் தொடர்கிறது.

மண்டேலா விதிகள் தனிமைக்கு இலக்கணம் வகுத்திருக்கின்றன. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ, பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்துவைப்பது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது நீடித்த தனிமை, முற்றிலும் தடை. 15 என்ற எண் எங்கிருந்து வந்தது? 2011-இல் சித்திரவதை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ், அந்தக் கட்டத்துக்குப் பிறகு மனதில் ஏற்படும் சில பாதிப்புகள் மீளாதவையாகிவிடக்கூடும் என்று எடுத்துச்சொல்லி அந்த எல்லையைப் பரிந்துரைத்தார். நியூயார்க் மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டத்தில் தொடர்ந்து 15 நாள் என்ற வரம்பைக் கொண்டுவந்தது.

15 நாளுக்குள்ளும் எல்லோரையும் தனிமையில் அடைத்துவிட முடியாது. மனநோயோ உடற்குறைபாடோ உள்ளவரின் நிலை அதனால் மோசமாகும் என்றால் கூடாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரைத் தண்டனையாகத் தனியறையில் அடைக்கக்கூடாது என்று பெண் கைதிகளுக்கான 2010-ஆம் ஆண்டு பாங்காக் விதிகள் சொல்கின்றன. சிறாருக்கும் தடை. 'இவர் தனிமைக்குத் தகுதியானவர்' என்று மருத்துவர் சான்று தருவது பழைய வழக்கம். இப்போதைய அளவுகோலின்படி மருத்துவப் பணியாளர்கள் தண்டனை விதிப்பதில் எந்தப் பங்கும் எடுக்கக்கூடாது. தினமும் போய்ப் பார்ப்பதும், உடலோ மனமோ கெடுகிறது என்றால் உடனே சிறை இயக்குநரிடம் சொல்வதும்தான் அவர்கள் வேலை. நோயாளியைக் காக்க வந்தவர் தண்டனைக்குக் கையெழுத்துப் போடும் நிலை ஒழிய வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

எதைச் செய்யவே கூடாது

அடித்தல், இருட்டறை, விளக்கை அணைக்காமலே வைத்திருக்கும் அறை, உணவையோ குடிநீரையோ குறைத்தல், ஒருவர் செய்ததற்காகப் பிளாக்கில் உள்ள எல்லோரையும் தண்டித்தல், காலவரையற்ற தனிமை. இவை அனைத்தையும் மண்டேலா விதிகளின் 43-ஆவது தடை செய்கிறது. விலங்கு மாட்டுவதைத் தண்டனையாகப் பயன்படுத்தக்கூடாது. குடும்பத் தொடர்பை அடியோடு தடை செய்வதும் கூடாது. பாதுகாப்புக்குக் கட்டாயம் என்றால் குறுகிய காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். கைதிகளில் சிலருக்கு மற்றவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் கொடுப்பதையும் 40-ஆம் விதி மறுக்கிறது.

இதெல்லாம் யாரும் செய்யாததைத் தடுக்கும் வெற்று விதிகள் அல்ல. இந்தியாவின் 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டம் 46-ஆம் பிரிவில் கோணித்துணி உடுத்தவைத்தல், காலில் இரும்பு, தண்டனை உணவு, 30 அடி வரை கசையடி ஆகியவற்றை எழுத்திலேயே வைத்திருந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா சிறைகளில் தோல்வாரால் அடிக்கும் வழக்கம் 1968-இல்தான் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. அதே மாநிலத்தில் தண்டனை அறையில் கிடந்தவர்களுக்குப் பல உணவுகளைப் பிசைந்து சுட்ட ஒரு கட்டியைக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு அது 1,000 கலோரிக்கும் குறைவு. இப்படிப்பட்ட அறைகளில் 30 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது என்ற உத்தரவை 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்தியாவில் திருப்பம் ஒரு கடிதத்திலிருந்து வந்தது. தில்லி திகார் சிறையில் சுனில் பத்ரா என்ற கைதி, ஒரு வார்டர் இன்னொரு கைதியைக் கொடுமைப்படுத்தியதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. தனிமைச் சிறை, கடின உழைப்பு, உணவு மாற்றம், சலுகை பறிப்பு, தண்டனை நோக்கிலான இடமாற்றம் எதையும் செஷன்ஸ் நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுபோகாமல் விதிக்கக்கூடாது, அவசரம் என்றால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சிறைகளில் புகார்ப் பெட்டிகள் வைக்கவும், கைதிகளுக்கான கையேடு தயாரிக்கவும் சொன்னது.

குற்றமாகவும் இருந்தால்

ஒருவரைக் குத்தியது, தப்பிக்க முயன்றது, போதைப்பொருள் கடத்தியது போன்றவை சிறை விதிமீறல் மட்டுமல்ல, நாட்டின் குற்றவியல் சட்டப்படியும் குற்றம். அப்போது காவல்துறையிடம் போகும். அங்கே முழு விசாரணை, வழக்கறிஞர், நீதிமன்றம் எல்லாம் உண்டு. தீர்ப்பு வந்தால் பழைய தண்டனையோடு புதிய தண்டனை சேரும். ஆனால் ஒரே செயலுக்கு ஒருவரை இருமுறை தண்டிக்கக்கூடாது என்பது மண்டேலா விதிகளின் 39-ஆவது.

பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு தண்டனைக்கும் வெளியே தெரியாத வால் ஒன்று உண்டு. பரோல் குழு அதைப் பார்க்கும். திறந்தவெளிச் சிறைக்கு மாற்றம் கேட்டால் பார்ப்பார்கள். நல்ல வேலை, படிப்பு வாய்ப்பு வரும்போதும் பார்ப்பார்கள். 'சின்னத் தண்டனைதானே, ஒத்துக்கொண்டுவிட்டுப் போ' என்று சக கைதிகள் சொல்வதைக் கேட்டுச் செய்யாததை ஒப்புக்கொள்பவர்களுக்கு இது பிறகுதான் தெரிகிறது.

நியாயம் இல்லாத ஒழுங்கு

1971 செப்டம்பரில் நியூயார்க்கின் அட்டிகா சிறையில் கைதிகள் எழுந்தார்கள். வாரத்துக்கு ஒரு குளியல், மாதத்துக்கு ஒரு சுருள் கழிப்பறைக் காகிதம் என்பது அவர்கள் வாழ்க்கை. கிளர்ச்சிக்கு முன்பே மனு எழுதிக் கேட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தபோது 43 பேர் இறந்திருந்தார்கள், காவலர்களும் கைதிகளுமாக. 1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறைக் கலவரம் 25 நாள் நீடித்தது. அதை விசாரித்த நீதிபதி வுல்ஃப், சிறை நிலையாக இருக்கப் பாதுகாப்பு, கட்டுப்பாடு, நீதி மூன்றும் சமநிலையில் இருக்க வேண்டும் என்று 1991-இல் அறிக்கை தந்தார். கைதிகளைப் பாதிக்கும் முடிவுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும், புகார்களைக் கேட்கச் சிறைக்கு வெளியே சுதந்திரமான ஒருவர் வேண்டும் என்பன அவர் வற்புறுத்தியவை. அதைத் தொடர்ந்து அங்கே சிறைகளுக்கான குறைதீர்ப்பாளர் பதவி உருவானது.

காவலர்களின் பாதுகாப்பும் இதில்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கைதிகளைச் சில பத்துக் காவலர்கள் வெறும் பலத்தால் கட்டியாள முடியாது. தண்டிக்கப்பட்டவர் 'நான் செய்தேன், விசாரித்தார்கள், தண்டித்தார்கள்' என்று எண்ணினால் அந்தச் சம்பவம் அங்கே முடிகிறது. 'நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை' என்று எண்ணினால் அடுத்த சம்பவம் அங்கே தொடங்குகிறது.

உங்கள் வீட்டில் ஒருவர் உள்ளே இருந்தால்

தண்டித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவுடன் வீட்டார் பெரும்பாலும் இடிந்துபோய்விடுவார்கள், அல்லது யாரைப் பார்ப்பது என்று அலைவார்கள். முதலில் கேட்க வேண்டியவை சில உண்டு. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டதா, எந்தத் தேதியில், எந்த மொழியில்? எந்த விதியின் கீழ்? விசாரித்தவர் யார், சாட்சி அழைக்க விட்டார்களா? முடிவும் காரணமும் எழுதப்பட்டதா? தண்டனை எத்தனை நாள்? ரெமிஷன் நாட்கள் போயினவா? ஏற்கெனவே மனநலச் சிகிச்சையில் இருந்தவர் என்றால் அந்த மருத்துவச் சீட்டுகளை வழக்கறிஞரிடம் கொடுங்கள். விசாரித்த அதிகாரிக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

தேதிகளைக் குறித்துவைப்பது மிக முக்கியம். மேல்முறையீட்டுக்கான கெடு பெரும்பாலும் குறுகியது. இங்கிலாந்தில் வெளியிலிருந்து வந்த நீதிபதி விதித்த தண்டனையை மறுபரிசீலிக்கக் கேட்க 14 நாள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறையில் விசாரணை அதிகாரியின் முடிவை எதிர்க்க 20 நாள். இந்தியாவில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கைதியோ குடும்பத்தாரோ இலவச வழக்கறிஞர் கேட்கலாம், செஷன்ஸ் நீதிபதிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ மனு அனுப்பலாம். புகார் கொடுத்ததற்காகக் கைதியைப் பழிவாங்கக்கூடாது என்று மண்டேலா விதிகளின் 57-ஆவது சொல்கிறது. அப்படி நடந்தால் அதையும் தேதியோடு தனியே எழுதி, இரண்டாவது மனுவாக அனுப்புங்கள். இழந்த நாட்களை, பின்னர் தொடர்ந்து நன்னடத்தையோடு இருந்தால் திரும்பப் பெறும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. இங்கிலாந்தின் சிறை விதிகளில் அது இருக்கிறது. ஆனால் அது தானாக நடப்பதில்லை, கைதி விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த முறை அவரைச் சந்திக்கப் போகும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.